தட்டு வைத்துக் கேட்ட லீஸ்

எனக்கு வீடு மாறுவது பிடிக்காது. சும்மா சொல்லவில்லை, மூட்டை கட்டும் கயிற்றைக் கண்டாலே தலைவலி வந்துவிடும். பெங்களூருக்கு வந்து பதினான்கு வருடத்தில் ஐந்து வீடு பார்த்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று காணாமல் போகும். முதல் முறை மிக்ஸி மூடி போயிற்று. அடுத்த முறை கல்யாண ஆல்பம். அதற்கடுத்த முறை என் பொறுமை போனது, இன்னும் கிடைக்கவில்லை. அதனால் ஆஸ்டின் டவுனில் இந்த மாடி வீட்டுக்கு வந்த அன்றைக்கே என் கணவரிடம் சொல்லிவிட்டேன்.

"இனிமே என்னை இங்கேர்ந்து அசைக்கணும்னா, சிலிண்டரோட சேர்த்து என்னையும் வண்டியில தூக்கித்தான் ஏத்தணும்."

அவர் தலையாட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

பெங்களூரில் லீஸ் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் குடியாத்தம் பக்கம் இதைப் போக்கியம் என்பார்கள். வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு பெரிய தொகையைக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. மூன்று வருடம் இருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுக்காரர் நம் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்க மாட்டார். மகள் கல்யாணம், மாடி கட்டிய கடன் என்று அது வந்த வாரமே போயிருக்கும். அடுத்து லீஸுக்கு வருகிற பார்ட்டி கொடுக்கும் பணத்தைத்தான் நம் கையில் கொடுப்பார். அடுத்த பார்ட்டி கிடைக்காதவரை அவராலும் அனுப்ப முடியாது, நம்மாலும் போக முடியாது. இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் ஒருவர் பணத்தில் ஒருவர் குடியிருக்கிறோம்.

வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை. மாடிப்படியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். மழைக்காலத்தில் குளியலறைக் கதவு ஊதிக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். ஆனால் மத்தியானம் மூன்று மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு காற்று வரும். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, அந்த ஜன்னலுக்குக் கீழே பாயைப் போட்டுச் சாய்ந்தால் வேறு சொத்தே வேண்டாம் என்று தோன்றும். மகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். கணவருக்கு வேலை பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில், கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும்.

நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் காலை நேரத்தில் ரிசப்ஷனில் உட்காருகிறேன். முகம் வெளிறி வருகிறவர்களிடம் "ஒண்ணும் வலிக்காது சார், எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று சொல்லிச் சொல்லி, எதையும் நல்லபடியாகச் சொல்லும் வாய் வந்துவிட்டது. அந்த வாய் பின்னால் எனக்கே வினையாக வந்தது.

கீழ் வீட்டில் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர் மின்சார இலாகாவில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி பேசிவிடுவார். அந்த அம்மாளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம், முட்டைக் கடையில் உருது, புருஷனைத் திட்டுவதற்கு மட்டும் கலப்படமில்லாத தமிழ். காவேரித் தண்ணீர் வந்தால் கரண்டியை எடுத்துப் பைப்பில் இரண்டு தட்டு தட்டுவார். நான் மேலிருந்து ஒரு தட்டு தட்டுவேன். தெரிந்துகொண்டேன் என்று அர்த்தம். பிறகு குடத்தையெல்லாம் நிரப்பிவிட்டுக் கீழே போனால் காபி தயாராக இருக்கும். கிளினிக்குக்கு வந்தவர்கள் கதையை நான் சொல்வேன், தெருவில் நடந்த கதையை அவர் சொல்வார். மூன்று வருடம் இப்படியே போயிற்று. போனதே தெரியவில்லை.

லீஸ் முடிய மூன்று மாதம் இருந்தது. இன்னும் மூன்று வருடம் நீட்டித்துக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அக்காவிடம் தினமும் மணிக்கணக்கில் பேசுகிற எனக்கு, இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

அதற்குக் காரணம் மல்லேஸ்வரம். அங்கேதான் இதற்கு முன்பு குடியிருந்தோம். அந்த வீட்டுக்கார அம்மாளிடம் நான் போய் நின்று, கொஞ்சம் கெஞ்சியே கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, கடைசி வாரத்தில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். சொந்தக்காரப் பையனுக்கு வீடு வேண்டுமாம். மழையில் நனைந்த மெத்தையோடு டெம்போவில் உட்கார்ந்து வந்தபோது, இனி எந்த வீட்டுக்காரரிடமும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்தேன். கோபக்காரி என்று என்னைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அது உண்மைதான்.

ஆகவே கேட்கும் வேலை என் கணவருக்குப் போயிற்று. அவருக்குத் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங் வேலை. எந்தக் காரியத்தையும் ஒரு தாளில் எழுதி, முடிந்ததும் டிக் அடித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அந்த மாதத் தாளில் "கீழ் வீடு, லீஸ்" என்று எழுதிக்கொண்டார். தட்டை அடுக்கியது நான். எங்கள் ஊரில் ஒரு நல்ல காரியம் கேட்டு யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போக மாட்டோம். தட்டு வைத்துத்தான் கேட்போம். ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லிகை என்று வெள்ளித் தட்டில் அழகாக வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரமும் பார்த்தேன். அந்த நல்ல நேரம் கம்பெனி பஸ் வரும் நேரமாகவும் இருந்ததைத்தான் பார்க்கவில்லை.

அவர் கீழே போனார். ஹாரன் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால், மனிதர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தார். போனில் கேட்டேன்.

"தட்டைக் கொடுத்தீங்களா?"

"கொடுத்துட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. ரொம்ப சந்தோஷம் தம்பின்னாங்க."

"லீஸைப் பத்திக் கேட்டீங்களா?"

"சாயங்காலம் வந்து பேசறேன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன். பஸ்ஸு."

சாயங்காலம் அவர் பேசவில்லை. அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் ஆடிட், வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுக்கொண்டே தூங்கினார். அதற்குள் எங்கள் தட்டு திரும்பி வந்துவிட்டது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அக்கா அவளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு ஒரு பிடி சர்க்கரை போதும். அக்கா தேங்காய், பூ, நல்ல பச்சை நிறத்தில் ரவிக்கைத் துணி என்று தட்டை நிறைத்திருந்தார். சம்மதம் இல்லாமலா ஒருவர் ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பார்? எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஓகே ஆயிடுச்சு" என்று கணவரிடம் சொன்னேன். அவர் தாளை எடுத்து டிக் அடித்தார். தட்டே பதில் சொல்லிவிட்ட பிறகு, காபி குடிக்கும்போது நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் புரோக்கர் நின்றிருந்தார். டீக்கடையில் இரண்டு போனோடு உட்கார்ந்திருப்பாரே, அந்த மனிதர்தான். பக்கத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி. மூன்று பேரும் அண்ணாந்து என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு ரூம், ஈஸ்ட் பேசிங், லீஸுக்கு" என்று புரோக்கர் கையை நீட்டிக் காட்டினார். கை நேராக என் கணவரின் பனியனைக் காட்டியது.

அன்று மாலை அக்கா மாடி ஏறி வந்தார். முழங்கால் வலி என்று மாடிக்கே வராதவர். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"ஞாயித்துக்கெழம வூடு பார்க்க ஆளு வருவாங்கோ. ஸ்வல்ப காட்டுறியாம்மா?"

"தாராளமா காட்டறேன்க்கா" என்றேன்.

வேறு எதுவும் நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பவர் மாதிரி கொஞ்ச நேரம் நிலைப்படியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு நான் போட்ட ஆட்டத்தை இங்கே எழுத முடியாது. தட்டை வாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டு, ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே புரோக்கரைக் கூப்பிட்டிருக்கிறார்களே! மல்லேஸ்வரத்து அம்மாள் எவ்வளவோ மேல், அவர் சிரிக்கவாவது இல்லை. கணவர் சொன்னார், "நான் போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?"

"கேட்கக் கூடாது. போகச் சொல்றவங்ககிட்ட என்ன கேள்வி? நமக்கும் ரோஷம் இருக்கு."

"ரோஷத்தை எந்த வீட்டுல கொண்டுபோய் வைக்கறது? அதுக்கும் அட்வான்ஸ் கேட்பாங்களே" என்றார். நான் பார்த்த பார்வையில் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் முதல் நான் கீழே காபிக்குப் போகவில்லை. பைப்பில் இரண்டு தட்டு கேட்கும். குடத்தை எடுத்து வைப்பேன், ஆனால் பதிலுக்குத் தட்ட மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு தட்டு கேட்கும். எனக்கு அழுகையாக வரும். கரண்டியைக் கையில் எடுத்து, மறுபடி கொக்கியில் மாட்டிவிடுவேன்.

வீடு பார்க்க வருகிறவர்களிடம் குறைகளைச் சொல்லி ஓட்டிவிடுவது என்று மனதுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. வந்தவர்கள் எல்லாம் மாடி ஏறும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு ஐ.டி. தம்பதி காவேரித் தண்ணீர் நின்றுபோன நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். இன்னொருவர் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போயிற்று. அண்ணன், அதாவது வீட்டுக்காரர், பாவம், முகம் வாடிப்போய்ப் படியடியில் நின்று என்னைக் கேட்டார்.

"ஏம்மா, மேல வந்தவங்க இன்னா சொல்லிட்டுப் போறாங்க?"

"ஒண்ணுமே சொல்லலண்ணா. நானும் வாயைத் திறக்கல."

அது சத்தியமான உண்மை.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள். ஒரு வாரநாள், மத்தியானம் மூன்று மணி. ஏழு மாதக் கர்ப்பம், தர்மபுரிக்காரி. புருஷன் வேலைக்குப் போயிருக்க, புரோக்கரோடு தானே பார்க்க வந்திருந்தாள். புரோக்கருக்குப் போன் வந்து அவர் தெருவிலேயே நின்றுவிட்டார். மூச்சு வாங்க மாடி ஏறி வந்தவளை நிற்க வைத்தா பேசுவது? உட்கார வைத்தேன். மோர் கொடுத்தேன். ஜன்னல் காற்று வந்து அவள் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பாடா, நல்ல காத்துங்க" என்றாள்.

அங்கே ஆரம்பித்தது வினை. நான் குறை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பாத்ரூம் கதவு மழைக்கு ஊதிக்கும்மா" என்றேன். உடனே என் வாய் தானாகவே, "ஆனா கீழ்ப்பக்கமா ஒரு இடி இடிச்சா திறந்துக்கும், ரெண்டு நாள்ல பழகிடும்" என்றது. படி குறுகல் என்று சொல்ல நினைத்தேன். "படி குறுகலா இருக்கறதும் உனக்கு நல்லதுதான், ரெண்டு பக்கமும் சுவரைப் பிடிச்சுக்கலாம், வயித்துப்புள்ளக்காரி விழ மாட்டே" என்று வந்தது. எதிரே பள்ளிக்கூட வேன்களின் சத்தம் அதிகம். "குழந்தைக்குச் சோறு ஊட்டறப்ப வேடிக்கை காட்ட வேற எங்கேயும் போக வேணாம்." தூளி கட்ட எந்த அறையில் கொக்கி இருக்கிறது, எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு, துணி எந்தப் பக்கம் உலர்த்தினால் சீக்கிரம் காயும், எல்லாம் சொன்னேன். கிளினிக்கில்கூட நான் இவ்வளவு பேசியதில்லை. வீடு கைவிட்டுப் போகிறது என்று உள்ளுக்குள் ஒருத்தி தலையில் அடித்துக்கொள்கிறாள், வெளியே இருக்கிறவள் நிறுத்தாமல் விற்றுக்கொண்டிருக்கிறாள்.

கடைசியில், "கீழ ஒரு அக்கா இருக்காங்க பாரு, அவங்க ஒருத்தர் போதும். பிரசவம் ஆகி வந்தா உன்னை ஒரு வேலை செய்ய விட மாட்டாங்க. தங்கமான மனுஷி" என்றேன்.  மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு சிங்க் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பெண் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே? கீழ இருக்கற அந்தம்மா என்னை மாடிக்கே போவாதன்னாங்க. மேல தண்ணியே ஏறாதாம். வெயில் காலத்துல உள்ள இருக்க முடியாதாம். சுவரெல்லாம் ஈரமாம். நாங்க ரெண்டு மாசமா வீடு பாக்கறோம். எங்க போனாலும் வீட்டுக்காரங்க ஒசத்தியா சொல்லுவாங்க, காலி பண்றவங்க காதோட காதா கொறை சொல்லுவாங்க. இங்க எல்லாம் தலைகீழா இருக்குதுங்களே."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சுர்ரென்று ஏறியது. தண்ணீர் ஏறாதா? மூன்று வருடத்தில் ஒரு நாள் ஏறாமல் இருந்ததுண்டா? சுவர் ஈரமா? என் வீட்டுச் சுவரா? "நீ மெதுவா வாம்மா" என்று சொல்லிவிட்டு, சொம்போடு கீழே இறங்கினேன்.

அக்கா சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு என் வீட்டைக் குறை சொல்றீங்க?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வாரமாகப் பேசாதவள் வந்து நிற்கிறேன், அதுவும் சொம்போடு.

"உன் வூடா? அது என் வூடு. நான் இன்னா வேணா சொல்லுவேன். சொந்த வூட்டுக்குப் போறவளுக்கு இந்த வூட்டு மேல இன்னாத்துக்கு ரோஷம்?"

"எந்தச் சொந்த வீடு?"

"நீங்க வாங்கின வூடு."

"நாங்க எங்கே வீடு வாங்கினோம்?"

பூண்டு உரிக்கிற கை நின்றது. "அப்போ தட்டு வெச்சீங்களே? இந்த லைன்ல லீஸ் வூட்டுல இருந்துக்கினு தட்டு எடுத்துக்கினு வந்தா, கிரகப்பிரவேசத்துக்குக் கூப்புடறாங்கன்னுதானே அர்த்தம்? உனக்கு முன்னாடி மேல இருந்தவங்க ரெண்டு பேருமே அப்படித்தான் வந்தாங்கோ. அப்பறம் காய் வாங்க எடுத்துக்கினு போறியே ஒரு பை, ஃபிளாட் விக்கிற கம்பெனி பை, அது எங்கேர்ந்து வந்துச்சு?"

அந்தப் பை வந்த கதை வேறு. பொம்மசந்திரா பக்கம் புதிதாகக் கட்டும் ஃபிளாட்டுகளைப் பார்க்க வந்தால் வேனில் அழைத்துப்போய் மத்தியானம் பிரியாணி போடுகிறார்கள் என்று கணவரின் நண்பர் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போயிருந்தோம். விலையைக் கேட்டதும் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். பை இலவசம்.

"லீஸை நீட்டிச்சுக் கொடுங்கன்னு கேட்கத்தான்க்கா தட்டு வெச்சோம்" என்றேன்.

"நீட்டிக்கறதுக்கா? அதுக்கு யாராச்சும் தட்டு வெப்பாங்களா? இருக்கறவங்க சும்மா இருந்துக்கினு இருப்பாங்கோ. ஒருநாளு போயி பத்திரத்த மாத்திக்கினு வருவோம், அவ்ளோதான். போறவங்கதானே வந்து சொல்லணும்?" அக்கா கையிலிருந்த பூண்டைக் கீழே போட்டார். "மூணு வருஷம் ஒண்ணா காபி குடிச்சிருக்கோம். வூடு வாங்கினதை நீ உன் வாயால ஒரு வார்த்தை சொல்லல. விடிகாத்தால தட்டை நீட்டிட்டு உன் வூட்டுக்காரரு ஓடறாரு. சரி, நல்லா இருக்கட்டும்னு ரவிக்கத்துணி வெச்சுக் குடுத்தேன். அப்பவாச்சும் வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். மாடிக்கு வந்து வாசல்ல நின்னேன். அப்பவும் தாராளமா காட்டறேன்னு சொல்றே. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

எனக்கு எப்படி இருந்தது என்பதை நானும் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், ஒரே நேரத்தில் அழுதோம். நடுவில் எனக்குச் சந்தேகம் வந்தது.

"சரி, நாங்க போறோம்னு நெனச்சீங்க இல்ல? அப்புறம் ஏன் வந்தவங்களையெல்லாம் விரட்டிவிட்டீங்க?"

அக்கா கொஞ்சம்கூட வெட்கப்படாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார், "பார்ட்டி கெடைக்கலேன்னா துட்டு கெடைக்காது. துட்டு கெடைக்கலேன்னா நீ எப்படிப் போவே?"

ஹாலில் பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. அண்ணன் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். மூன்று வருடத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அடிப்பாவி! மூணு வாரமா அந்தப் புரோக்கருக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்துக்கினு இருக்கேன். இவங்க பணத்தைத் திருப்பிக் குடுக்கணுமேன்னு தூக்கம் இல்லாமக் கெடக்கேன். நீ உள்ள ஒக்காந்து ஓட்டி வுட்டுக்கினு இருந்தியா?"

அவருக்குப் பின்னால் தர்மபுரிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் படியிறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "இந்த வீடு எனக்குக் கெடைக்காதுங்க, அது மட்டும் தெரியுது" என்றாள். அக்கா அவளை இழுத்து உட்கார வைத்தார். பொய் சொன்னதற்குப் பரிகாரம் செய்வது போல அன்று மாலையே முட்டைக் கடைக்காரர் மூலம் அடுத்த தெருவில் ஒரு கீழ் வீட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். ஏறி இறங்க வேண்டியதில்லை, அவளுக்கு அதுவே வசதி. புரோக்கருக்குத்தான் கமிஷன் போன கோபம். அவர் எங்கள் தெருப் பக்கம் வருவதைச் சில நாள் நிறுத்திவிட்டார்.

கணவர் அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மாதத் தாளை எடுத்தார். டிக்கை அடித்துத் திருத்தினார். "எங்க கம்பெனியில இதை ப்ராசஸ் ஃபெயிலியர்னு சொல்லுவோம்" என்றார். தட்டை அடுக்கியவள் நான் என்பதால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் பதில் பேசவில்லை.

பத்திரம் போட நாங்கள் நான்கு பேரும் போனோம். ஸ்டாம்பு பேப்பரில் டைப் அடித்துத் தரும் கடை அது, இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும். டைப் அடிக்கிறவர் பழைய பத்திரத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்து, தேதியை மாற்றி, மூன்று வருடம் என்று போட்டு, எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொன்னார். அந்த மனிதரும் சலிப்போடு சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டை நல்லபடியாக வைத்துக்கொள்ள வேண்டும், உள்வாடகைக்கு விடக் கூடாது, இத்தியாதி. காலி செய்வதாக இருந்தால் இரண்டு மாதம் முன்னால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற இடம் வந்தது.

"அதை மாத்துப்பா" என்றார் அக்கா.

"எதைம்மா?"

"எழுத்துல வேணாம். போறதா இருந்தாலும் இருக்கறதா இருந்தாலும், மூஞ்சியப் பார்த்து வாயால சொல்லணும். ரெண்டு பேருக்கும்தான். அப்படிப் போடு."

"அப்படியெல்லாம் ஃபார்மேட்ல இல்லம்மா."

"இல்லாட்டி சேரு. ஸ்டாம்பு பேப்பருக்கு நாங்கதானே காசு குடுக்கறோம்?"

அந்தக் கடைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். என் கணவர் தலையாட்டினார். கடைசியில் டைப் அடிக்கிறவர் பழையதை அழிக்காமல், அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். இரு தரப்பினரும் நேரில் வாய்மொழியாகவும் தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்று. பேப்பர் வெளியே வந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். கணவர் போட்டார். எனக்கும் ஒரு இடம் இருந்தது. பேனாவுக்குக் கை நீட்டினேன். அக்கா பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மொதல்ல வாயால சொல்லு. இருக்கியா?"

கடைக்காரர், வெளியே காத்திருந்த இரண்டு பேர், எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இருக்கேன்க்கா" என்றேன். குரல் பாதிதான் வந்தது.

"கேக்கல" என்றார்.

தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னேன்.